லேசர் வைத்தால் தையல் இல்லையா?

கேள்வி: விசைப்படகில் கடலுக்குப் போகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் வேலிக்கு மட்டை வெட்டும்போது பனங்கருக்கு வலது கண்ணில் கீறிப் புண்ணாகி, இப்போது கருவிழி வெள்ளையாகிவிட்டது. மதுரையில் கருவிழி மாற்றச் சொல்கிறார்கள். மகனோ, "லேசர் இருக்கிற இடத்துக்குப் போவோம்ப்பா, கத்தி, தையல் எதுவும் இல்லை" என்கிறான். செலவு கூடுதல். நகையை அடகு வைக்கலாமா? தடைக்காலத்திலேயே முடித்துக்கொண்டு ஜூனில் கடலுக்குப் போகலாமா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

மண்டபம் பக்கம் கண் முகாம்களில் பனங்கருக்கு கீறிய கண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கீறலோடு பூஞ்சை உள்ளே போய்விடும். அதற்கு மேல் தாய்ப்பால், இலைச்சாறு என்று விட்டுக்கொண்டு வருவார்கள். (நீங்கள் என்ன விட்டீர்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.)

லேசர் செய்வது வெட்டும் வேலை மட்டும்தான். கருவிழியின் கனம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர். வழக்கமாக அதை வட்டக்கத்தியால் நேராக வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்த கருவிழி வில்லையை வைத்துத் தைப்போம். உங்கள் மகன் சொல்லும் ஃபெம்டோசெகண்ட் லேசர் (மிக மிகச் சிறு நேரமே மின்னும் ஒளி) நுண்ணிய குமிழிகளை நெருக்கமாக உண்டாக்கி, விளிம்பைப் படி படியாகவோ நெளிவாகவோ வெட்டும். படகுப் பலகையை ஆசாரி படி வெட்டிச் சேர்ப்பாரே, அந்த மாதிரி. வில்லை கச்சிதமாக உட்காரும். தையலைச் சற்று முன்னதாகவே பிரிக்கலாம். ஆனால் தையல் உண்டு. முடியை விட மெல்லிய நைலான் நூலில், பெரும்பாலும் 16.

ஆறு மாதம், ஒரு வருஷம் போனால் இரண்டு முறைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதோடு, அடர்ந்த வெள்ளைத் தழும்புக்குள் லேசர் சரியாக இறங்காது. பாதியில் நின்றால் கத்தியைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் தழும்பு எவ்வளவு கனம் என்று மதுரை டாக்டரிடமே கேளுங்கள்.

சரி, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள்தானே? போதாது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் மெதுவாகத்தான் ஆறும். தையல் ஒரு வருஷம்கூட இருக்கும். அதுவரை கயிறு இழுப்பது, பாரம் தூக்குவதெல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான். ஆறிய பிறகும் தையல் போட்ட இடம் பழைய பலத்துக்கு வராது. வலைக்குண்டு ஒன்று தெறித்துப் பட்டாலே பிரிந்துவிடலாம். கடலிலும் கச்சான் காற்றிலும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

மிச்சமாகும் பணத்தைச் சொட்டு மருந்துக்கும் மதுரை போய்வரும் செலவுக்கும் ஒதுக்குங்கள். சிவப்பு, கண் கூச்சம், மங்கல், வலி, இதில் ஒன்று வந்தாலும் உடம்பு புது வில்லையை ஏற்க மறுக்கிறது என்று சந்தேகப்பட்டு அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.