கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருக்கும்போது எந்தக் கருத்தடை முறை பாதுகாப்பானது?

வயது 36, இரண்டு குழந்தைகள், ஸ்கேனில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர்-டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனம்) போடச் சொல்கிறார்கள், மாமியார் "மாத்திரை போட்டால் கட்டி பெருசாயிடும்" என்கிறார், இதுதானே உங்கள் கேள்வி? மாதவிடாயில் எவ்வளவு இரத்தம் போகிறது என்று எழுதவில்லை. அதிகமாகத்தான் போகும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஸ்கேன் வரை போகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தான் போவார்கள்.

"இணையத்தில் வைத்தியம் பார்க்கக் கூடாது" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் மருந்துச் சீட்டு எழுதவில்லை. டாக்டர் முன்னால் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

4 செ.மீ. என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கருத்தடை விஷயத்தில் அளவை விட இடம்தான் முக்கியம். கட்டி கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் இருக்கிறதா, தசைக்குள் இருக்கிறதா, உள்சவ்வுக்கு அடியில் இருந்து உள்ளறைக்குள் புடைக்கிறதா? மருத்துவர்கள் இதை 0 முதல் 8 வரை எண் போட்டு வகைப்படுத்துகிறார்கள். 0, 1, 2 என்றால் உள்ளறையை எட்டிப் பார்க்கும் கட்டி. ஒன்றரை செ.மீ. கட்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் படும் பாடு, வெளிப்பக்கம் 6 செ.மீ. இருந்தாலும் வராது. ஆனால் நம் ஊர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் "கர்ப்பப்பை பெருத்திருக்கிறது, ஃபைப்ராய்டு உள்ளது" என்ற ஒற்றை வரிதான். காசு கொடுத்து எடுத்த ஸ்கேனில் இடத்தைக் கூட எழுதாவிட்டால் அதை வைத்து யார் என்ன முடிவெடுப்பது? திரும்பப் போய், "உள்ளறை வடிவம் மாறியிருக்கிறதா" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் உள்ளே உப்புநீர் செலுத்திப் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது.

காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி அட்டவணை ஒவ்வொரு முறைக்கும் 1 முதல் 4 வரை மதிப்பிடுகிறது. 1 என்றால் தடையில்லை, 4 என்றால் கூடவே கூடாது. உள்ளறை சரியாக இருந்தால் ஃபைப்ராய்டு உள்ளவருக்கு மாத்திரை, ஊசி, காப்பர்-டி எல்லாமே 1. உள்ளறை கோணியிருந்தால் மாத்திரையும் ஊசியும் அப்போதும் 1, ஆனால் காப்பர்-டியும், அதேபோல் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் 4. அமெரிக்க வழிகாட்டி ஃபைப்ராய்டு என்றால் இதே சாதனங்களுக்குப் பொதுவாக 2 (பெரும்பாலும் போடலாம்) தருகிறது, அதனால் டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும்.

மாத்திரையால் கட்டி வளரும் என்ற பயத்துக்கு அந்த அட்டவணையே பதில். அரசு தரும் கருத்தடை மாத்திரையான மாலா-என் பாக்கெட்டில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. பீரியட்ஸ் தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் வேறு பாதுகாப்பு வேண்டாம், பிறகு ஆரம்பித்தால் ஏழு நாள் ஆணுறையும் சேர்த்து. கட்டியைக் கரைக்காது, இரத்தப்போக்கைக் குறைக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது கட்டியைப் பற்றி அல்ல: இரத்த அழுத்தம் 140/90க்கு மேல், காலில் இரத்தம் உறைந்த வரலாறு, கண்ணில் மின்னல் கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், ஆறு மாதத்துக்குள் பிரசவித்துத் தாய்ப்பால் கொடுப்பது. இதில் ஒன்று இருந்தாலும் இந்த மாத்திரை வேண்டாம். இன்னொன்று, இரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமிலம் சாப்பிடுகிறீர்களா? அதைச் சொல்லாமல் கருத்தடை மாத்திரை ஆரம்பிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் உறையும் அபாயம் கூடும்.

பிளீடிங் நிற்க நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரை பத்து நாள் கொடுத்திருப்பார்கள். "அதுவும் ஹார்மோன்தானே, அதுவே கருத்தடை" என்று நம்புகிறவர்கள் நிறைய. இல்லை. அதை நம்பி இருக்க வேண்டாம்.

காப்பர்-டி 380ஏ பத்து வருடம் தாங்கும், இலவசம், நல்ல சாதனம்தான். ஆனால் அது மாதவிடாய் இரத்தத்தைக் கூட்டும், குறிப்பாக முதல் சில மாதங்களில். ஏற்கெனவே மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, ஹீமோகுளோபின் 8, 9 என்று இருப்பவருக்கு, அட்டவணை அனுமதித்தாலும், என் கருத்தில் அது சரியான தேர்வு அல்ல.

இரத்தப்போக்கு அதிகம், உள்ளறை சரியாக இருக்கிறது என்றால் நான் முதலில் கேட்கச் சொல்வது 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள ஹார்மோன் சாதனம். மிரேனா என்றால் எல்லோருக்கும் தெரியும். உள்சவ்வை மெலிதாக்கி இரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகக் கறை படும். இதைச் சொல்லாமல் போட்டு அனுப்புவதால்தான் பலர் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வருகிறார்கள். ஃபைப்ராய்டு உள்ளவர்களுக்கு இது நழுவி வெளியே வரும் வாய்ப்பும் அதிகம், சில சமயம் கட்டிகட்டியாகப் போகும் இரத்தத்தோடேயே போய்விடும். அதனால் ஒவ்வொரு பீரியட்ஸ் முடிந்ததும் சாதனத்தின் நுனியில் தொங்கும் நூல் விரலில் தட்டுப்படுகிறதா பாருங்கள். நூல் திடீரென்று நீண்டாலோ, இல்லாமல் போனாலோ, ஸ்கேனில் பார்க்கும் வரை ஆணுறை.

அந்தரா என்ற ஹார்மோன் கருத்தடை ஊசி 150 மி.கி., மூன்று மாதத்துக்கு ஒன்று, அரசு மருத்துவமனையில் இலவசம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஆரம்பத்தில் தாறுமாறாகக் கறை படும், போகப்போகப் பலருக்குப் பீரியட்ஸே நின்றுவிடும். விட்ட பிறகு மறுபடி கருத்தரிக்கப் பல மாதம் தாமதமாகலாம். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள். லக்னோவில் கண்டுபிடித்த சாயா மாத்திரை, 30 மி.கி., முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஈஸ்ட்ரோஜன் கிடையாது, பீரியட்ஸ் அளவும் குறையும். சினைப்பையில் நீர்க்கட்டி பிரச்சினை உள்ளவர்களுக்கும் சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் ஆகாது. பீரியட்ஸ் 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எதை ஆரம்பிப்பதற்கு முன்பும் ஒன்று. இரண்டு பீரியட்ஸுக்கு நடுவிலோ உறவுக்குப் பிறகோ இரத்தம் வந்தால் "கட்டிதான் காரணம்" என்று விட்டுவிடக் கூடாது. காரணம் தெரியாமல் சாதனமோ ஊசியோ போடக் கூடாது. வயது 40ஐத் தாண்டியிருந்தால் உள்சவ்வு பயாப்ஸி (துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது) கேட்பார்கள், மறுக்காதீர்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கும். கட்டியும் இரத்தப்போக்கும் அப்படியே இருக்கும். இங்கே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கட்டி, சோகை, அதற்கு மேல் ஆபரேஷனும் உங்களுக்கே ஏன்? உங்கள் வீட்டுக்காரர் தழும்பில்லாத வாசெக்டமி செய்துகொள்ளலாமே? மரத்துப்போக ஒரு ஊசி, தையல் கிடையாது, அன்றே வீடு. மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியானால் முடிந்தது. ஆண்மையும் குறையாது, உடம்பில் வலுவும் குறையாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமானவர்களில் பெண்கள் ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் 37.9 சதவீதம், ஆண்கள் ஆபரேஷனை 0.3. "வெயிட் தூக்குறவர், அவருக்கு முடியாது" என்று சொல்லும் பெண்களே இருக்கிறார்கள். ஒரு குடம் தண்ணீரைத் தினம் இடுப்பில் சுமப்பது யாராம்? இதை எழுதினால் ஆண் விரோதி என்பார்கள், பரவாயில்லை.

எதையும் முடிவு செய்யும் முன் பாதுகாப்பில்லாமல் உறவு ஆகிவிட்டால் 1.5 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஃபைப்ராய்டு அதற்குத் தடையில்லை. அடுத்த பீரியட்ஸ் சில நாள் முன்பின் ஆகும், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை.