ஏழு வருடத்தில் ஆறு அணி மாறிய மாப்பிள்ளை

கேள்வி: மகள் ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் (Markham) மருந்தாளராக வேலை செய்கிறாள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிறந்த ஐஸ் ஹொக்கிக்காரப் பெடியன் ஒருவரை விரும்புகிறாள். வயது 29. மரியாதையான ஆள்தான், ஆனால் ஏழு வருடத்தில் ஆறு அணி! ரெக்ஸஸ், பென்சில்வேனியா, போன வருடம் ஸ்லோவாக்கியா, இப்போது ஜெர்மனியில் இரண்டாம் பிரிவு. திறமை இருந்தால் ஏன் ஒருவரும் வைத்திருக்கவில்லை? முன்பல்லும் கட்டுப்பல். தையில் கல்யாணம் வைப்போமென்றால் முடியாதென்கிறார்.
- ஒரு தாய், மார்க்கம்

பதில்: சகோதரி, பல்லை முதலில் முடித்துவிடுவோம். ஹொக்கிக்காரருக்கு முன்பல் போவது புதினமில்லை. அதை விடுங்கள்.

மற்றதற்கு மைக் சிலிஞ்சர் என்ற பழைய ஹொக்கிக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரும் சஸ்காச்சுவான்காரர்தான், ரெஜைனாவில் பிறந்தவர். அணிகள் வருடாவருடம் முறை வைத்து இளம் வீரர்களை எடுக்கும் தெரிவில், 1989இல் டெட்ரோயிட் அணி அவரை முதல் சுற்றிலேயே 11ஆவது ஆளாக எடுத்தது. பிறகு வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லில் மொத்தம் 12 அணிகளுக்கு ஆடினார், அதுதான் சாதனை. ஒன்பது தடவை அவரைக் கைமாற்றினார்கள். 2003 ஜூலையில் கொலம்பஸ் அவரை டலஸுக்குக் கொடுக்க, டலஸ் அன்றைக்கே பீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. கொலம்பஸில் பிறந்த மகனுக்கு (பெயர் கோல், Cole) அப்போது இரண்டு மாதம். (அந்த மகனை 2021இல் அதே கொலம்பஸ் அணி 12ஆவதாக எடுத்துக்கொண்டது.)

இப்படிக் கைமாறியவர் ஆடிய ஆட்டங்கள் 1,049. நட்சத்திரமல்ல. ஆட்டம் தொடங்க நடுவர் தட்டைப் போடும்போது அதைப் பிடிக்கும் ஃபேஸ்ஓஃப் எடுப்பார், தன் ஆள் ஒருவர் தவறு செய்து தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது கோல் விழாமல் காப்பார். பருவக் கடைசியில் கிண்ணத்துக்கு ஆடும் பிளேஓஃபுக்குத் தயாராகும் அணிகள் தேடித் திரிவது இப்படியானவர்களைத்தான். வேண்டாமென்று தள்ளப்பட்டதால் மட்டுமல்ல, வேறொருவர் கேட்டு வாங்கியதாலும் ஊர் மாறினார். கணக்காளர் மருமகன் வேலை மாறினால் முன்னேறுகிறார் என்போம். ஹொக்கிக்காரர் மாறினால் மட்டும் நமக்குச் சந்தேகம்.

அதற்காக உங்களுக்குச் சர்க்கரை தடவிச் சொல்லவும் விருப்பமில்லை. பெடியன் சிலிஞ்சர் அல்ல. என்.எச்.எல்லில் 32 அணிதான். அங்கே 2025-26 பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளமே 775,000 டொலராக இருந்தது. ஒரு படி கீழே ஏ.எச்.எல்லுக்கு இறங்கினால் பலருக்குச் சில பத்தாயிரங்கள். அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல்லில் வாரத்துக்குச் சில நூறு டொலர், தங்க இடம் அணி தரும். மேலே உள்ள அணி ஒருவரை இறக்கினால் கீழே இருப்பவருக்கு இடம் போய்விடும். அணி ஏற்கெனவே காசு போட்ட இருபது வயதுக்காரரை லேசில் விடமாட்டார்கள். சின்ன ஒப்பந்தக்காரரின் பெயரைத்தான் முதலில் வெட்டுவார்கள். அந்த ஆறு அணியில் ஒன்றிரண்டில் அவருக்கும் இது நடந்திருக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெர்மனி போனது புத்தியான வேலை. ஐரோப்பாவில் வெளிநாட்டு வீரருக்குப் பெரும்பாலும் வீடும் காரும் அணியே கொடுக்கும். ஆனால் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு உண்டு. வந்தவர் கோல் அடிக்காவிட்டால் நத்தாருக்கு முன்னரே இன்னொருவரைக் கொண்டுவந்துவிடுவார்கள். சஸ்காச்சுவானில் ஜெர்மன் வழி வந்த குடும்பங்கள் ஏராளம். அவருடைய வம்சத்திலும் அப்படி இருந்து, ஜெர்மன் கடவுச்சீட்டு எடுக்க வழியிருந்தால் அந்த வரம்புக்குள் அவர் வரமாட்டார். சாதகப் பொருத்தத்தைவிட இதை முதலில் விசாரியுங்கள்.

உண்மையில் எனக்குக் கவலை அவரைப் பற்றியல்ல, மகளைப் பற்றி. அவளுடைய மருந்தாளர் உரிமம் மார்க்கம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்துக்குத்தான். கூடவே போனால் ஜெர்மனியில் மருந்துக்கடைக் கதவைக்கூட அவளுக்குத் திறக்கமாட்டார்கள். மொழியும் பரீட்சையும் முடிக்கும்போது மாப்பிள்ளை ஒஸ்ரியாவில் ஆடிக்கொண்டிருப்பார். வேலையை விடவேண்டாம் என்பதே என் எண்ணம். மார்க்கத்து வீடு நிலையாக இருக்கட்டும், லீவில் அவள் போய்வரட்டும், கோடையில் அவர் இங்கே இருக்கட்டும். சம்பளம் பெரும்பாலும் பருவம் நடக்கும் மாதங்களுக்குத்தான் என்பதால், கோடையில் சிறுவர் ஹொக்கி முகாமில் பயிற்சி கொடுப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

சம்பளத்தைக் கேட்பதைவிட, 34 வயதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று மகள் அவரிடம் கேட்கவேண்டும். சிலிஞ்சர் 2009இல் ஓய்வுபெற்று எட்மன்டன் அணியில் இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்புக்குப் போனார். அந்த மாதிரிக் கதிரை எல்லாருக்கும் கிடைக்காது. இவர் பதின்ம வயதில் மேற்குக் கனடாவின் இளையோர் லீக்கான டபிள்யூ.எச்.எல்லில் ஆடியிருந்தால், ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகக் கட்டணம் உண்டு; காலம் கடந்தால் அது போய்விடும். எடுத்தாரா, விட்டாரா? விட்டிருந்தால் பிரித்தானிய லீக்கை யோசிக்கலாம். அங்கே சில அணிகள் வீட்டோடு மேற்படிப்பையும் சேர்த்துக் கொடுக்கின்றன. தலையில் எத்தனை தடவை அடிபட்டது என்பதையும் மகள் நேரே கேட்கவேண்டும். கூச்சப்பட்டு விடுகிற விஷயமல்ல அது.

தை மாதம் அவருக்குப் பருவத்தின் நட்டநடு, அதனால்தான் மறுக்கிறார். ஆவணியில் பயிற்சி தொடங்கிவிடும். வைகாசியிலோ ஆனியிலோ நாள் பாருங்கள். சாத்திரியாரிடம் போகும்போது அவருடைய ஆட்ட அட்டவணையையும் கையோடு கொண்டுபோங்கள்.