பழைய கடிதங்களை வைக்க, பைகள் உள்ள சின்ன மடிப்புப் புத்தகத்தை வீட்டிலேயே எப்படிச் செய்வது?

ஒரே தாளில் செய்துவிடலாம். ஆனால் உள்ளே எதை வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். புத்தகத்தின் அளவு அதிலிருந்துதான் வரவேண்டும்.

நான் செய்தது தாத்தாவின் அஞ்சலட்டைகளுக்காக. வீட்டில் யாரோ அவற்றை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள். தாத்தா துளி இடத்தையும் வீணாக்கமாட்டார். ஒரு பக்கம் நிரம்பினால், அட்டையைத் திருப்பி முகவரிப் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் தொடர்வார். ஒரு அட்டையில் 'செவலை நேற்று ராத்திரி' என்பதோடு பக்கம் முடிந்திருந்தது. மீதி, பசைக்கு அடியில். மெதுவாகத்தான் உரித்தேன். ஆனாலும் தாளின் மேல்தோல் கிழிந்து, அந்த வரி நோட்டோடு போய்விட்டது. செவலைக்கு என்ன ஆனது என்று சொல்ல இப்போது ஆளில்லை. பை வைத்த புத்தகம் வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். அதில் கடிதத்தை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் படித்து, திரும்பச் செருகிவிடலாம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். அஞ்சலட்டை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். அதற்கு 42 செ.மீ.க்கு 29.7 செ.மீ. உள்ள ஏ3 தாள் சரியாக இருக்கும். கொஞ்சம் கெட்டியான தாளாக வாங்குங்கள். நீளப்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கீழ்விளிம்பை 9.7 செ.மீ. மேலே மடியுங்கள். இந்த மடிப்புதான் பை. உயரம் 20 செ.மீ. ஆகிவிடும்.

அதற்கு அப்புறம்தான் விசிறி மடிப்பு. பை வெளியே தெரியும்படி தாளைச் சரிபாதியாக மடியுங்கள். பிறகு இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக அந்த நடுமடிப்பு வரை திருப்பிக் கொண்டுவந்து மடியுங்கள். புடவைக் கொசுவம் மாதிரி முன்னும் பின்னுமாக, 10.5 செ.மீ. அகலத்தில் நான்கு பக்கங்கள் கிடைக்கும். ஒவ்வொரு மடிப்பையும் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். ஒரு பைக்கு இரண்டு அட்டை தாராளமாக நிற்கும்.

தாளுக்கும் நாரோட்டம் உண்டு, அதாவது அதன் நார்கள் ஒரே திசையில் ஓடும். மடிக்கத் தொடங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். மடிப்பு விழாமல் இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, விசிறி மடிப்பு அந்தப் பக்கமாக அமையட்டும். மாறிப்போனால் மடிப்பு விளிம்பு சொரசொரவென்று வெடிக்கும்.

முதல் பையின் இடது ஓரமும் கடைசிப் பையின் வலது ஓரமும் திறந்திருக்கும். அங்கே மட்டும் மெல்லிய கோடாகப் பசை தடவுங்கள். பஸ் டிக்கெட் போன்ற சின்னத் துண்டுகளை வைப்பதாக இருந்தால் பக்கவாட்டில் நழுவும். அதற்கு ஒவ்வொரு மடிப்பிலும், பையின் மேல்விளிம்புக்குக் கீழே, இரண்டு தையல் போட்டுவிடுங்கள்.

மேலட்டைக்கு நான் எடுத்தது பழைய கல்யாணப் பத்திரிகை. 11 செ.மீ.க்கு 20.4 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டி, முன்னும் பின்னும் வெளிப்பக்கத்தில் ஒட்டினேன். பின்னட்டையை ஒட்டும்போதே அடியில் ஒரு நாடாவைக் கொடுத்துவிட்டால் புத்தகத்தைச் சுற்றிக் கட்டலாம். முதுகுப் பக்கத்தை ஒட்டவே வேண்டாம். அஞ்சலட்டைகள் சேரச்சேரப் புத்தகம் தடிக்கும், அதற்கு இடம் வேண்டும்.

இந்த மடிப்பு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கன்னட நாட்டில் துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசி, இதேபோல மடித்து, வெள்ளைக் கல்குச்சியால் கணக்கு எழுதினார்கள். 'கடத' என்பது அதன் பெயர்.

ஒட்டி முடித்ததும் அரிசி டப்பாவுக்கு அடியில் ஒரு ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். கடிதங்களை மறுநாள் செருகினால் போதும். பழைய கடிதங்கள் பெரும்பாலும் மைப்பேனாவில் எழுதியவை, பசையின் ஈரம் பட்டாலே எழுத்து கலங்கிவிடும்.