வாசகர் கேள்வி – பதில்: எம்ஜிபிக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர்?

கேள்வி: என்னுடையது 1969 மாடல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) இருக்கிறது. வண்டியோடு வந்ததா, பிறகு மாட்டியதா என்று தெரியவில்லை. மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் நாக்கிங், இஞ்சினுக்குள் தட்டும் சத்தம். தீப்பொறி விழும் டைமிங்கைக் குறைத்தால் நாக்கிங் நிற்கிறது, பிக்கப் செத்துவிடுகிறது. சரியான டிஸ்ட்ரிபியூட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: 25டி4 என்பது குடும்பப் பெயர் மட்டுமே. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அதே உடல்தான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் அட்வான்ஸ் அளவும் (வேகம் கூடக்கூடத் தீப்பொறி எவ்வளவு முன்கூட்டி விழும் என்பது) வண்டிக்கு வண்டி மாறும். அதனால் ‘மாட்டினால் உட்காருகிறது’ என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

உடலின் பக்கவாட்டில் ஐந்து இலக்க எண் பொறித்திருக்கும். தொடக்கக் கால எம்ஜிபியில் வந்தது 40897. உங்களுடையதைப் படித்து, வண்டியின் இஞ்சின் எண்ணுக்குரிய லூகாஸ் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஆனால் அந்த எண் ஃபேக்டரியிலிருந்து என்னவாக வெளியே வந்தது என்பதை மட்டுமே சொல்லும். ஐம்பது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ! திறந்து பார்ப்பதுதான் உத்தமம்.

பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), கண்டென்சர், பேஸ் பிளேட் மூன்றையும் கழற்றுங்கள். பாயிண்டைத் திறந்து மூடும் கேமின் அடித்தகட்டில் ஓர் எண் தெரியும். 10 என்றிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி அட்வான்ஸ். அது கிராங்க் வேகத்தில் பாதிதான் சுற்றுகிறது என்பதால் கிராங்கில் 20. ஸ்டேட்டிக் டைமிங் (இஞ்சின் ஓடாதபோது வைக்கும் தொடக்க அளவு) 10 வைத்தால் மொத்தம் 30, இந்த இஞ்சினுக்கு நல்ல அளவு. அங்கே 15 இருந்தால் மொத்தம் 40 ஆகிவிடும். நாக்கிங் வரத்தான் செய்யும். அதைக் குறைக்க நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போது கீழ் வேகத்து டைமிங்கும் சேர்ந்து பின்னால் போகிறது. பிக்கப் சாவது அதனால்தான்.

ஸ்பிரிங் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று மெலிது, தடித்ததன் வளையம் நீண்டு, ஓய்வில் தொளதொளவென்று இருக்கும். பழுது என்று நினைத்து அதை நெருக்கிவிடாதீர்கள், அது வேகம் கூடிய பிறகே பிடிக்க வேண்டியது. இரண்டுமே மெலிதாக இருந்தால் முழு அட்வான்ஸும் சீக்கிரமே வந்து, நடு வேகத்தில் நாக்கிங் தரும்.

இஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் டைமிங்கைக் கூடுதலாக முன்நகர்த்தும் வாக்குவம் கேப்சூலில் 5-13-10 போல மூன்று எண்கள் இருக்கும்: 5 அங்குலப் பாதரச வாக்குவத்தில் தொடக்கம், 13-ல் முடிவு, அதிகபட்சம் டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி. முழுக்க மிதித்தால் வாக்குவம் விழுந்துவிடும் என்பதால் உங்கள் நாக்கிங்கிற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அரை மிதியில் நாக்கிங் வருபவர்கள்தான் கேப்சூலைச் சந்தேகிக்க வேண்டும்.

உறுதி செய்ய, வாக்குவக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டுடன் இஞ்சினை 3,500 சுற்றுக்கு மேல் ஏற்றுங்கள். அளவு 30-க்கும் 34-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் கேமையே மாற்ற வேண்டும், இல்லையேல் உங்கள் இஞ்சினுக்குரிய எண்ணுள்ள டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடுங்கள்.

வாங்குமுன் சாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. பாயிண்ட் இடைவெளி சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும், டைமிங்கும் நிலைக்காது.

கேள்வி: 25டி4 இருந்த இடத்தில் 45டி4 மாட்டலாமா?

பதில்: எம்ஜிபிக்கான 45டி4 என்றால் மாட்டலாம். மூடி, ரோட்டார், பாயிண்ட் எதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது; மொத்தமாக மாற்றுங்கள். டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 25டி4-க்கு 60 டிகிரி, 45டி4-க்கு 51. விரலால் திருகி டைமிங்கை நுணுக்கமாக நகர்த்தும் திருகு 45டி4-இல் கிடையாது.

கேள்வி: 1965 எம்ஜிபியில் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் 1967 வரையிலான எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்தவை). இடையில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பேட்டரியில் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாட்யூலை வாங்குங்கள். தலைகீழாக இணைத்தால் நொடியில் எரிந்துபோகும். தேய்ந்த புஷ்ஷையோ தவறான ஸ்பிரிங்கையோ மாட்யூல் சரிசெய்யாது. முதலில் அவற்றைக் கவனியுங்கள்.