ஒரே ஒரு கிராமம் இருக்கும் ஓனோ எப்படி ‘மாவட்டம்’ ஆகும்?

நீங்கள் கேட்ட ஓனோ, ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் இருக்கிறது. இன்று அதில் மிச்சம் சிராகவா கிராமம் மட்டும்தான். 2005 பிப்ரவரி 1 அன்று மற்ற ஏழு ஊர்களும் தகாயாமா நகரத்தோடு இணைந்தன. அதனால் தகாயாமா சுமார் 2,177 சதுர கிலோமீட்டருக்கு வீங்கி, பரப்பளவில் ஜப்பானின் மிகப்பெரிய நகரமானது. நகரம் என்று பெயர்தான், பெரும்பகுதி காடு!

சிராகவா சேரவில்லை. அந்தக் கிராமத்துக்கு மேற்கே 2,702 மீட்டர் உயர ஹாகுசான் மலை, நடுவே வடக்கு நோக்கி ஓடும் ஷோ ஆறு, கடும் பனி. பனி வழுக்கி விழட்டும் என்றுதான் அங்குள்ள வீடுகளின் புல்கூரைகள் அவ்வளவு செங்குத்து. 1995 முதல் அந்த வீடுகள் உலகப் பாரம்பரியச் சின்னம்.

சரி, மாவட்ட நிர்வாகம்? 1926லேயே நாடு முழுக்க மாவட்ட அலுவலகங்களை மூடிவிட்டார்கள். இப்போது ‘ஓனோ’ முகவரியில் எழுத மட்டும்.