அடிபட்ட காட்டு வாத்துக்கு முதல் மருந்து இருட்டு

கேள்வி: குளக்கரையில் ஒரு காட்டு வாத்து ஒரு பக்க இறக்கையைத் தொங்கவிட்டபடி புதருக்குள் கிடந்தது. கிட்டே போனால் தத்தித் தத்தி ஓடுகிறதே தவிர பறக்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து வைத்தியம் பார்க்கலாமா, என்ன சாப்பிடக் கொடுப்பது? - ஒரு வாசகி

பதில்: பிடிப்பதற்கு முன் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். குஞ்சுகள் வைத்திருக்கும் தாய் வாத்து, நம் கவனத்தைத் திருப்ப இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு போகும். நாம் விலகிவிட்டால் எழுந்து பறந்துவிடும். இன்னொன்று, பெரும்பாலான வாத்துகள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பறக்க உதவும் பெரிய இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும், புதுசு முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை அவற்றால் பறக்கவே முடியாது. ஆனால் அப்போது இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி இருக்கும், நடையும் நீச்சலும் சுறுசுறுப்பாக இருக்கும். வெகுநேரம் பார்த்தும் ஒரு பக்கம் மட்டும் தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, காலை ஊன்ற முடியாமல் தவித்தாலோ அது அடிபட்டதுதான்.

சரி, எப்படிப் பிடிப்பது? துரத்தாதீர்கள், ஓட ஓட அந்தப் பயமே அதன் உயிரைக் குடித்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு தண்ணீர் இருக்கும் பக்கத்திலிருந்து மெதுவாகப் போய், பெரிய துண்டைத் தலையோடு சேர்த்து மேலே போர்த்தி, இரண்டு இறக்கையும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி தூக்குங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது, பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுவிட உதவும் தசை) கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சே விட முடியும். அப்புறம் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து உள்ளே வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். கம்பிக் கூண்டு வேண்டாம், முட்டி மோதி இறகை ஒடித்துக்கொள்ளும். குழந்தைகள் நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பதையும் தடுத்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசோடு கேட்கிறீர்கள், ஆனால் எதுவும் கொடுக்காதீர்கள். ரொட்டி, பால் எதுவும் வேண்டாம். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். வாத்துதானே என்று தொட்டித் தண்ணீரில் விடுகிறவர்களும் உண்டு. அடிபட்ட வாத்து இறகைக் கோதிப் பராமரிக்காமல் விட்டிருக்கும், நனைந்து குளிரில் விறைத்துப்போகும்.

பெட்டியை மூடியதும் வனத்துறைக்கோ, வனவிலங்கு மீட்பு அமைப்புக்கோ, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். எலும்பு சேர்வதெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது, தவிர பல நாடுகளில் காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பூனை கவ்வியதாகத் தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனைப் பல்லில் இருக்கும் கிருமி சீக்கிரமே வாத்தைச் சாய்த்துவிடும், அன்றைக்கே ஆன்டிபயாடிக் போட வேண்டும். தூண்டில் முள் குத்தியிருந்தால் இழுக்காதீர்கள், தூண்டில் நரம்பைக் கொஞ்ச நீளம் விட்டு வெட்டி அப்படியே கொண்டுபோங்கள்.

ஒரே இடத்தில் பல வாத்துகள் செத்துக் கிடந்தாலோ, உயிரோடு இருப்பது கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடினாலோ மட்டும் தொடவே தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.