ஊசிக்கு முன்னால் ஏன் இத்தனை டெஸ்ட்?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. போன வருடம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கண்டுபிடித்து, இரண்டு தடவை ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். இப்போது ரிட்டுக்சிமாப் போடலாம் என்கிறார் டாக்டர். அதற்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைக்கு ரத்தம், மலம் என்று பெரிய லிஸ்ட் கொடுத்திருக்கிறார். "நரம்பு வியாதிக்குப் பூச்சி டெஸ்ட் எதுக்கு?" என்று அம்மா சண்டை போடுகிறார். எடுக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: கட்டாயம் எடுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கிறது, அதில் பங்குள்ள பி செல்கள் என்ற ரத்த வெள்ளணுக்களை ரிட்டுக்சிமாப் காலி செய்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் உள்ளே வருடக்கணக்கில் படுத்துக் கிடக்கும் கிருமிகளை எழவிடாமல் வைத்திருந்ததும் அதே எதிர்ப்புச் சக்திதான். எல்லோரும் வெளியிலிருந்து என்ன தொற்றுமோ என்று பயப்படுகிறார்கள், எனக்கு ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் பற்றித்தான் அதிகக் கவலை.

அம்மா கேட்ட பூச்சிக்கே வருகிறேன். தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செருப்போடு இறங்குபவர் யார்? ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நுண்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக ஏறி, குடலிலேயே பெருகிப் பல பத்து வருடம்கூட இருந்துவிடும், பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. ஸ்டீராய்டு உள்ளே போனால் அது கட்டுமீறிப் பெருகி நுரையீரல் வரை பரவும், உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் சரியாகிவிடும். ஒரு தடவை மலத்தில் தெரியவில்லை என்பதால் இல்லையென்று ஆகாது, ரத்தத்திலும் பார்க்கச் சொன்னால் பாருங்கள்.

மஞ்சள் காமாலை டெஸ்ட் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்காக. எப்போதோ வந்து தானாக அடங்கிய வைரஸ் ரிட்டுக்சிமாபுக்குப் பிறகு திரும்பக் கிளம்பிக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது, அதனால் வைரஸ் இப்போது இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎஸ் ஏஜி டெஸ்ட் மட்டும் போதாது, எப்போதாவது வந்து போனதா என்று காட்டும் ஆன்டி ஹெச்பிசியும் வேண்டும். எக்ஸ்ரே காசநோய்க்கு. தடுப்பூசி பாக்கி இருந்தால் அதையும் இப்போதே கேளுங்கள், பி செல் போன பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது.

அப்புறம் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் தங்கி, எதிர்ப்பு குறையும்போது ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளமாக வரும். நம் ஊரில் உடனே காவி குழைத்து அக்கி எழுதக் கூட்டிப் போவார்கள். எழுதிக்கொள்ளட்டும், மனசுக்கு ஆறுதல். ஆனால் அன்றைக்கே டாக்டரிடமும் போய்விட வேண்டும், வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

அபூர்வமாக மூளையையே தாக்கும் ஜேசி வைரஸும் உண்டு. இதே நோய்க்கு 2004-ல் வந்த நட்டாலிசுமாப் மருந்தை அதனால்தான் 2005-ல் நிறுத்தி, கடும் கண்காணிப்போடு 2006-ல் திரும்ப அனுமதித்தார்கள். ரிட்டுக்சிமாபில் இது மிக மிக அரிது. இருந்தாலும் தங்கைக்குப் புதிதாகப் பேச்சு குழறினாலோ கை இழுத்தாலோ, "பழைய நோய்தான் திரும்புது" என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.